வெள்ளாட்டின் குடற்புழு: ஒழிப்பதா, அளவில் நிறுத்துவதா?

வெள்ளாட்டின் வயிற்றுக்குள் குடியிருக்கும் புழுக்களை அடியோடு ஒழித்துவிட முடியுமா, அல்லது புழு இருந்தும் ஆடு நலியாத ஒரு நிலையை உண்டாக்கிக்கொள்வதுதான் மனிதனால் ஆகக்கூடிய காரியமா என்னும் கேள்விக்குச் சென்ற நூறாண்டுகளில் பல விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு விடையும் தனக்கு முந்தியது காலாவதியாகிவிட்டது என்ற உற்சாகத்தோடு பிறந்தது. ஒவ்வொன்றும் சில காலம் சென்றபின் தன் எல்லையைத் தானே கண்டுகொண்டது. கேள்வியோ விஞ்ஞானக் கூடத்துக்கு மட்டும் உரியதன்று. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 14 கோடியே 88 லட்சம் வெள்ளாடுகள் இருந்தன. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 99 லட்சம். இவற்றுள் கணிசமானவை நாலைந்து உருப்படிகளுக்கு மேல் இல்லாத வீடுகளில், பள்ளிக்கூடச் செலவுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் விற்றுக் காசாக்கிக்கொள்ளும் சேமிப்பாக வளர்பவை. அத்தகைய வீட்டில் ஓர் ஆடு இரத்தம் வெளுத்துச் சாவது, கையிருப்பில் ஒரு பெரும் பங்கு ஓரிரவில் கரைந்துபோவதற்கு ஒப்பாகும்.

எந்தப் புழு?

பேச்சு வழக்கில் குடற்புழு என்று ஒரே சொல்லால் குறிக்கப்படுவது உண்மையில் பலதரப்பட்ட ஜீவராசிகளின் கூட்டம். ஆடு வளர்ப்போரை அதிகமாக அச்சுறுத்துவது நாடாப்புழு. ஏனெனில் அதன் துண்டுகள் அரிசிமணிபோல் வெண்மையாகப் புழுக்கையோடு வெளிவந்து கண்ணில் படுகின்றன. ஆனால் மொனீசியா எனப்படும் அந்தப் புழு, குட்டிகளின் வயிற்றில் மிதமிஞ்சிப் பெருகினாலன்றிப் பெருந்தீங்கு செய்வதில்லை என்பதே ஆராய்ச்சியாளரில் பெரும்பாலாரின் அபிப்பிராயம். இளங்குட்டிகளுக்கு இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியா, புழுவே அன்று, ஓரணு உயிர். புழு மருந்து எதுவும் அதைத் தீண்டாது. இருந்தும் குட்டி கழிகிறது என்றவுடன் முதலில் புகட்டப்படுவது பெரும்பாலும் புழு மருந்துதான். பெருங்குடல் சுவரில் முடிச்சு முடிச்சாகப் புடைத்து நிற்கும் தழும்புகளை உண்டாக்குவது மற்றொரு வகைப் புழு. கசாப்புக் கடையில் குடல் வாங்குவோர் அவற்றைக் கண்டு முகம் சுளித்திருக்கக்கூடும்.

இத்தனையையும் ஒதுக்கி வைத்துவிட்டு, உஷ்ணமும் ஈரமும் கூடிய நாடுகளில் வெள்ளாட்டைக் கொல்லும் புழு எது என்று கேட்டால், ஏறக்குறைய எல்லா அறிஞரும் ஒருமுகமாகச் சுட்டுவது ஹீமாங்கஸ் கண்டார்ட்டஸ் என்பதையே. 1803இல் ருடால்ஃபி என்னும் ஜெர்மானிய அறிஞரால் முதலில் வருணிக்கப்பட்ட இந்த ஜந்து, குடற்புழு என்ற பெயரைப் பொய்யாக்கிக்கொண்டு, குடலில் அன்றி நான்காம் இரைப்பையில் வாழ்கிறது. அதனால் மாண்ட ஆட்டின் அந்த இரைப்பையை, வெதுவெதுப்பு ஆறுமுன் கீறி விரித்துப் பார்ப்பவருக்கு, ஏறத்தாழ ஓர் அங்குலம் வரை நீளமுள்ள நூலிழைகள் சளிச்சுவரில் அப்பி நெளிவது தெரியும். இரத்தம் நிறைந்த சிவந்த குடலைச் சுற்றிப் பெண்புழுவின் வெண்ணிறக் கருப்பைக் குழாய் முறுக்கிக்கொண்டிருப்பதால், அத்தகைய இழை ஒவ்வொன்றும் சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்துத் திரித்த கயிறுபோல் காணும்.

ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர் இரத்தத்தைப் போக்குகிறது என்பது பலராலும் எடுத்தாளப்படும் கணக்கு. அற்பமாகத் தோன்றும் இவ்வளவு, 5,000 புழுக்கள் கூடிவிட்டால் நாள்தோறும் கால் லிட்டர் ஆகிவிடுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இந்தப் புழு தனியே இருக்குமிடத்தில் பெரும்பாலும் கழிச்சல் காண்பதில்லை. புழுக்கை கட்டியாகவே விழும். கண்ணிமையின் உட்புறம் வெளிறுவதும், நாள் முழுவதும் தலைகுனிந்து மேய்ந்த ஆடு மாலையில் திரும்பும்போது கீழ்த்தாடை நீர்கோத்துத் தொங்குவதும், அந்த வீக்கம் இரவில் சற்றே வடிந்து மறுநாள் மீண்டும் தலைகாட்டுவதுமே அடையாளங்கள். கழிச்சல் இல்லாததால் புழு இல்லை என்று ஆறுதல் கொள்வது இதனாலேயே ஆபத்தாக முடிகிறது.

மருந்தால் வெல்லலாம் என்ற நம்பிக்கை

காலத்தால் முந்தியதும் இன்றளவும் செல்வாக்கு மிக்கதுமான கட்சி, புழுவைக் கொல்வதே பரிகாரம் என்பது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மயில்துத்தக் கரைசலும், அதனுடன் நிகோட்டின் சல்பேட்டைக் கலந்த கலவையும் ஆடுகளின் வாயில் ஊற்றப்பட்டன. மருந்துக்கும் விஷத்துக்கும் இடையே மயிரிழை வித்தியாசம் இருந்த காலம் அது. 1930களின் இறுதியில், சாயத் தொழிலுக்கு உறவான பீனோதயசின் என்னும் பொருள் புழுக்களைக் கொல்வது கண்டறியப்பட்டது. அதை உண்ட ஆட்டின் சிறுநீர் சிவந்து கம்பளியில் கறை படியும் என்பதைத் தவிர, அதற்கு முந்தியவற்றோடு ஒப்பிட அது ஒரு வரப்பிரசாதமாகவே கருதப்பட்டது. 1961இல் தயபெண்டசோல் வந்தது. அதன் சந்ததியைச் சேர்ந்தவையே இன்று கால்நடை மருந்தகங்களில் புழங்கும் அல்பெண்டசோலும் பென்பெண்டசோலும். 1960களிலேயே லெவமிசோல் குடும்பமும் தோன்றியது. ஜப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்ட ஐவர்மெக்டின் 1981இல் கால்நடைக்காக விற்பனைக்கு வந்தபோது, மிகச் சிறிய அளவில் அகப்புழுவையும் புறவுண்ணியையும் ஒருங்கே அடக்கும் அதன் வல்லமையைக் கண்டவர்களுக்கு, போர் முடிந்துவிட்டது என்றே தோன்றியிருக்க வேண்டும். அதற்குக் காரணமான சத்தோஷி ஓமுராவும் வில்லியம் காம்பெலும் 2015இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர்.

போர் முடியவில்லை. பீனோதயசினுக்கு அடங்காத ஹீமாங்கஸ் அமெரிக்காவின் கென்டக்கியில் 1957இல் அறிவிக்கப்பட்டது. தயபெண்டசோல் வந்த மூன்றே ஆண்டுகளில், 1964இல், அதற்கும் அடங்காத புழுக்கள் காணப்பட்டன. இந்தியச் செம்மறிகளில் இவ்விரு மருந்துகளுக்கும் எதிர்ப்புத் தோன்றியதை 1976இல் வெளியான குறிப்பு ஒன்று பதிவு செய்தது. ஐவர்மெக்டினை எதிர்த்து நின்றவை 1980களின் பிற்பகுதியில் தென்னாப்பிரிக்காவில் தோன்றின. மோனபாண்டெல் என்னும் புதிய வகை 2009இல் நியூசிலாந்தில் அறிமுகமாயிற்று. நான்கே ஆண்டுகளில், அதே நாட்டு வெள்ளாட்டுப் பண்ணை ஒன்றில் அதன் தோல்வி அறிவிக்கப்பட்டது. அங்கே அதை எதிர்த்து நின்றவை ஹீமாங்கஸின் உறவினங்களே ஆயினும், கதை ஒன்றுதான்.

இதற்குப் புழுவின் தந்திரம் காரணமன்று, எண்ணிக்கையே காரணம். பெண்புழு ஒன்று நாள்தோறும் 5,000 முதல் 10,000 முட்டைகள் வரை இடுகிறது. அத்தனை பெரிய சந்ததியில், மருந்து பற்றிக்கொள்ள வேண்டிய புரதத்தில் ஒரே ஒரு கண்ணி மாறியமைந்த ஒரு சில, மருந்து என்பது உலகில் தோன்றுமுன்பே இருந்திருக்கக்கூடும். தயபெண்டசோல் முதலியவை அடங்கிய பென்சிமிடசோல் வகையில், டியூபுலின் என்னும் புரதத்தின் 200ஆம் இடத்திலுள்ள அமினோ அமிலம் மாறியிருப்பதே எதிர்ப்புக்கு முக்கிய காரணம் என்று 1990களில் நிறுவப்பட்டது. மருந்து செய்வதெல்லாம், மற்றவற்றை அகற்றி அந்தச் சிலவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுப்பதே. மருந்துக் கட்சியின் பலவீனம் மருந்தில் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எல்லா ஆட்டுக்கும், எந்தச் சோதனையும் இன்றி என்று அது வகுத்துக்கொண்ட சூத்திரத்தில் இருந்தது என்று சொல்வது நியாயமாக இருக்கும்.

செம்மறியின் அளவுகோல்

இந்தக் கட்டத்தில் ஓர் இடைக்கேள்வி எழுகிறது. இது போதிய கவனம் பெறவில்லை என்பதால் சற்று விரித்துரைக்கத் தக்கது. மேற்கூறிய மருந்துகளில் பெரும்பாலானவை செம்மறியாட்டில் சோதிக்கப்பட்டு, செம்மறிக்கென அளவு குறிக்கப்பட்டு, பிறகு வெள்ளாட்டுக்கு இரவலாக வழங்கப்பட்டவை. இரண்டும் உருவில் நெருங்கியவை என்பதால் அந்த இரவலை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆனால் வெள்ளாட்டின் உடல் பல மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாகச் சிதைத்து வெளியேற்றிவிடுகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. அதனாலேயே, பென்சிமிடசோல் வகையைச் செம்மறி அளவுக்கு இருமடங்காகவும், லெவமிசோலை ஒன்றரை மடங்காகவும் கொடுக்க வேண்டும் என்று பல நிபுணர் இன்று கூறுகின்றனர். லெவமிசோலில் அளவு மிஞ்சினால் நஞ்சாகும் என்பதால், இது கால்நடை மருத்துவர் நிறுத்துப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டிய விஷயம். கண்மதிப்பில் செய்யத் தக்கதன்று. பல பத்தாண்டுகள் உலகெங்கும் வெள்ளாடுகள் அரைகுறை அளவே பெற்றுவந்தன என்பதும், அரைகுறை அளவு வலுவற்ற புழுவைக் கொன்று வலுவுள்ளதை விட்டுவைக்கும் என்பதும் சேர்ந்து, எதிர்ப்புப் புழுக்களின் நாற்றங்கால் வெள்ளாடுதானோ என்ற அநுமானத்துக்கு இடம் தருகின்றன. அது நிரூபணமான முடிவன்று. ஆனால் அலட்சியம் செய்யத் தக்கதுமன்று.

வித்தியாசம் மருந்தோடு நிற்கவில்லை. செம்மறி தரையில் புல்லைக் கறம்பும் பிராணி. ஏறக்குறைய ஓராண்டு வயதில் புழுக்களை எதிர்க்கும் சக்தியை ஓரளவு பெற்றுவிடுகிறது. வெள்ளாடோ இரண்டு பின்னங்கால்களில் நின்று வேலிக்கருவையின் காயையும் வாகையின் தழையையும் எட்டிப் பறிப்பது. புழுவின் இளம்பருவமான லார்வா ஏறமுடியாத உயரத்தில் மேய்ந்தே தன்னைக் காத்துக்கொண்ட அதன் பரம்பரைக்கு, உள்ளிருந்து எதிர்க்கும் சக்தியைப் பெரிதாக வளர்த்துக்கொள்ள வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்படவில்லை என்பது ஹோஸ்ட் என்னும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளரும் அவரது சகாக்களும் 2010இல் முன்வைத்த விளக்கம். இது உண்மையாயின், தழை மேயும் பிராணியைப் புல்வெளிக்குள் அடைத்து மேய்ப்பதுதான் நோயின் மூலம் என்றாகும். கவர்ச்சியான விளக்கந்தான், எனினும் வெள்ளாட்டு இனங்களுக்குள்ளேயே எதிர்ப்புச் சக்தி ஏறியும் இறங்கியும் காணப்படுவதை இது முழுமையாக விளக்கவில்லை.

மேய்ச்சல் நிலத்தில் பரிகாரம் தேடுவோர்

இரண்டாவது கட்சி, ஆட்டின் வயிற்றில் உள்ள புழுவைக் காட்டிலும் நிலத்தில் காத்திருக்கும் சந்ததியே முக்கியம் என்கிறது. புழுக்கையோடு விழுந்த முட்டை, வெப்பமும் ஈரமும் வாய்த்தால் ஒரு வாரத்துக்குள் தொற்றும் பருவ லார்வாவாகிவிடுகிறது. அந்தப் பருவத்தில் அது தன் பழைய தோலைச் சட்டைபோல் போர்த்திக்கொண்டே இருப்பதால் வாய் மூடப்பட்டு, எதையும் உண்ண இயலாமல், சேமித்த கொழுப்பைச் செலவழித்தே உயிர் வாழ்கிறது. வைகறையில் புல்லின் மேல் பனிநீர் படலமாகப் படியும்போது அந்த நீரில் நெளிந்து சில அங்குலம் மேலேறி நிற்கும். வெயில் ஏறினால் இறங்கிவிடும். பனி உலருமுன் ஆட்டை அவிழ்த்துவிடாதே என்ற மேய்ப்பரின் பழைய எச்சரிக்கைக்கு இவ்வாறு ஒரு விஞ்ஞான ஆதாரம் உண்டு.

லார்வாவின் சேமிப்புத் தீரும்வரை நிலத்தை ஆற விட்டால் போதும் என்பது இதிலிருந்து பிறந்த யோசனை. குளிர் நாடுகளில் லார்வாக்கள் பல மாதம் உயிரோடிருப்பதால் அங்கே அது நடைமுறைக்கு ஒவ்வவில்லை. உஷ்ண நாடுகளிலோ, லார்வா சுறுசுறுப்பாக இயங்கித் தன் சேமிப்பை விரைவில் தீர்த்துக்கொள்வதால், நான்கைந்து வாரங்களில் பெரும்பகுதி மடிகிறது. பார்ஜர் என்னும் ஆராய்ச்சியாளரும் சகாக்களும் பசிபிக் கடலின் டோங்கா தீவுகளில் இதை வெள்ளாடுகளைக் கொண்டே சோதித்தனர். நிலத்தைப் பத்துக் கட்டங்களாக்கி, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் மேய்த்து, முப்பத்தொன்றரை நாள் ஆறவிட்டபோது, மருந்தின் தேவை வெகுவாகக் குறைந்ததை அவர்கள் 1994இல் அறிவித்தனர். வெள்ளாட்டையே முதலாகக் கொண்டு பெறப்பட்ட அரிய விடைகளில் இது ஒன்று. ஆயினும் ஏரிப் புறம்போக்கிலும், அறுவடையான வயலிலும், சாலையோரத்திலும் ஊராரின் ஆடுகளோடு சேர்ந்து மேயும் ஆட்டுக்குப் பத்துக் கட்டம் எங்கே கிடைக்கும்? நிலமுள்ளவனுக்கே பொருந்தும் பரிகாரம் இது.

அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டில் பரவிவரும் பரண்மேல் ஆடு வளர்ப்பு, இதே கொள்கையை வேறு வழியில் நிறைவேற்றுகிறது. பலகை இடுக்கின் வழியே புழுக்கை கீழே விழுந்துவிடுவதால், லார்வாவுக்கும் ஆட்டின் வாய்க்கும் உள்ள தொடர்பு அறுகிறது. ஆனால் நெருக்கமான பரணில் குட்டிகளுக்குக் காக்சிடியா தொல்லை குறையுமென்று நம்ப இடமில்லை. மேலும், ஆடுகள் மேய்ந்த ஈர நிலத்திலேயே அறுத்த பசும்புல்லைப் பரணுக்குக் கொண்டுவந்து போட்டால், அறுத்த தொடர்பை மனிதனே கட்டிவைத்தவனாவான்.

இந்தக் கட்சியின் ஓர் அறிவுரை பிற்காலத்தில் தலைகீழாகத் திரும்பியது. எல்லா ஆட்டுக்கும் மருந்து கொடுத்து உடனே சுத்தமான நிலத்துக்கு ஓட்டிவிடு என்பது நெடுங்காலம் நல்ல யோசனையாகப் போதிக்கப்பட்டது. அவ்வாறு ஓட்டப்பட்ட ஆடுகளின் வயிற்றில் எஞ்சியிருப்பவை மருந்துக்குத் தப்பியவை மட்டுமே. ஆகவே புதிய நிலத்தில் விதைக்கப்படுவதும் அவற்றின் வித்து மட்டுமே என்பதைக் காலந்தாழ்ந்தே உணர்ந்தார்கள்.

எல்லா ஆட்டுக்குமா?

மேற்கண்ட கலக்கத்திலிருந்துதான் மூன்றாவது கொள்கை உருவாயிற்று. மருந்து தீண்டாத புழுக்களின் தொகை ஒன்று எப்போதும் எங்காவது எஞ்சியிருக்க வேண்டும். அவற்றின் சந்ததி பெருகி எதிர்ப்புப் புழுவின் வித்தை நீர்த்துப்போகச் செய்யும் என்பது அதன் சாரம். புகலிடம் என்று வழங்கப்படும் இந்தக் கருத்தின் முக்கியத்துவத்தை வான் வைக் என்னும் தென்னாப்பிரிக்க ஆராய்ச்சியாளர் 2001இல் வலியுறுத்தினார். புழுவைக் கொல்லும் கலையில், சில புழுக்களை வேண்டுமென்றே உயிரோடு விடுவது ஒரு தத்துவமாக வந்து அமர்ந்தது விந்தையே.

இதற்குத் துணையாக அமைந்தது, மந்தையில் புழுக்கள் சமமாகப் பங்கிடப்படுவதில்லை என்ற உண்மை. ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையுள்ள ஆடுகளே பெரும்பாலான புழுக்களைச் சுமக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிக்க, ஃபாஃபா மாலன் என்பவரும் சகாக்களும் தென்னாப்பிரிக்காவில் வகுத்த முறை, அவர் பெயரின் எழுத்துக்களைக் கொண்டே ஃபாமாச்சா எனப்படுகிறது. ஆட்டின் மேலிமையைக் கட்டைவிரலால் இலேசாக அழுத்தி, மற்றொரு விரலால் கீழிமையை இழுத்தால், உட்புறச் சதை ஒரு கணம் வெளித்தெரியும். அதைப் பகல் வெளிச்சத்தில், சிவப்பிலிருந்து வெண்மைவரை ஐந்து படிகள் அச்சிட்ட அட்டையோடு ஒப்பிடுகிறார்கள். முதலிரண்டு படியில் உள்ளவை மருந்தின்றி விடப்படும். கடைசி இரண்டும் மருந்து பெறும். நடுப்படியில் செம்மறிக்குத் தயங்கினாலும் வெள்ளாட்டுக்குக் கொடுத்துவிடுவதே உசிதம் என்பர்.

எழுத்தறியாத மேய்ப்பரும் கைக்கொள்ளத்தக்க இந்த எளிமையே இதன் பலம், பலவீனமும் அதுவே. ஈரல் தட்டைப்புழுவாலும் உண்ணியாலும் பட்டினியாலும் இமை வெளிறும். சிறுகுடலில் வாழ்ந்து கழிச்சலையும் மெலிவையும் உண்டாக்கும் டிரைக்கோஸ்ட்ராங்கிலஸ் போன்றவையோ இமையில் அடையாளம் காட்டுவதில்லை. 1939இல் கார்டனும் விட்லாக்கும் சிட்னியின் மெக்மாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் வகுத்த முட்டை எண்ணும் முறை இதைச் சரிபார்க்க உதவும். மருந்து கொடுத்து இரண்டு வாரம் சென்று மீண்டும் எண்ணி, முட்டைகள் 95 சதவிகிதமேனும் குறையவில்லையென்றால் அந்த மருந்தைச் சந்தேகிக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். சில கிராம் சாணத்தில் செய்யக்கூடிய இந்தச் சோதனை, மருந்துப் புட்டியின் விலையோடு ஒப்பிட மலிவானது. இருந்தும் அது வழக்கமாகவில்லை.

ஆட்டின் உடலையே அரணாக்குதல்

நான்காவது கட்சி ஆட்டின் பக்கம் திரும்புகிறது. வங்காளச் சுந்தரவனத்தின் கரோல் செம்மறி, கிழக்காப்பிரிக்காவின் சிவப்பு மாசாய்ச் செம்மறி ஆகியவை ஹீமாங்கஸைத் தாங்குவதில் பேர்பெற்றவை. வெள்ளாட்டிலும் இத்தகைய குணம் தலைமுறைக்கு இறங்குகிறது; ஆனால் இறங்கும் அளவு குறைவாகவே மதிப்பிடப்பட்டுள்ளதால், தேர்ந்தெடுத்து இனம் பெருக்குவதன் பலன் பல ஆண்டுகள் கழிந்தே தெரியும். பொலிகிடாவை உடற்கட்டையும் கொம்பையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் ஊரில், இமை சிவந்த தாயின் குட்டியா என்று பார்க்கவைப்பதே முதல் வேலை.

இதே புழுவுக்கெதிரான தடுப்பூசி 2014இல் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்தது. ஸ்காட்லாந்தின் மோர்டன் ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகள் உழைத்துக் கண்ட வழி அது; புழுவின் குடற்சுவரிலுள்ள புரதங்களுக்கு எதிராக ஆட்டின் இரத்தத்தைத் தயார் செய்து, உறிஞ்சிய இரத்தமே புழுவுக்கு வினையாகும்படி செய்வது. தொற்று நேரும்போது இயல்பாகப் புத்துயிர் பெறாத பாதுகாப்பு என்பதால், திரும்பத் திரும்ப ஊசி போட வேண்டியிருக்கிறது. மேலும், அது செம்மறிக்கென வந்தது. மறுபடியும் இரவல்!

தழைகளைப் பற்றிய ஆராய்ச்சி இன்னும் சுவையானது. துவர்ப்புச் சத்து மிகுந்த செரீசியா லெஸ்பிடிசா என்னும் தீவனத்தை உண்ட வெள்ளாடுகளில் முட்டைக் கணக்குக் குறைவதை அமெரிக்காவிலும், ஒருவகை வேல மரத்தழையின் பயனைத் தென்னாப்பிரிக்காவை அடுத்த ஜிம்பாப்வேயிலும் கண்டிருக்கிறார்கள். அந்தச் சத்து புழுவை நேரே தாக்குகிறதா, அல்லது ஆட்டுக்குப் புரதத்தை மிச்சப்படுத்திக் கொடுத்து அதன் எதிர்ப்பை வளர்க்கிறதா என்பதில் ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. கருவேலங்காயும் வெள்வேலங்காயும் கோடையில் ஆட்டுக்கு உணவாகும் நம் நாட்டில் இது கவனத்துக்குரியது. வேப்பிலை, வாய்விடங்கம், புரசு விதை முதலிய மூலிகைகளைப் பற்றியோ, ஆய்வுக்கூடத் தட்டில் லார்வாவைக் கொன்ற சாறு, பல லிட்டர் கொள்ளும் ஆட்டின் முன்வயிற்றில் கலந்தபின் அதே வேலையைச் செய்யும் என்று கொள்வதற்குப் போதிய சோதனைகள் நடைபெறவில்லை என்று மட்டும் சொல்லலாம். மூலிகையை நம்புவோரும் நகைப்போரும் சம அளவு அவசரப்படுகிறார்கள்.

நிலுவையில் நிற்பவை

இவற்றை ஒருங்கே வைத்து நோக்கும்போது, முற்றிலும் ஒழிப்பது என்னும் பழைய இலக்கு கைவிடப்பட்டுவிட்டது என்றே கொள்ளலாம். தேவையான ஆட்டுக்கு மட்டும், வெள்ளாட்டுக்கென உள்ள அளவில், சோதித்தறிந்த மருந்தைக் கொடுப்பது என்பதே இன்று ஆதாரம் அதிகமுள்ள நிலை. ஆனால் அதன் ஆதாரங்களில் பல, வேலியிட்ட பண்ணையில், ஒரே உடைமையாளரின் மந்தையில் கிடைத்தவை. மந்தையில் எத்தனை ஆட்டை மருந்தின்றி விட்டால் போதும் என்பதற்கு நாடுதோறும் பொருந்தும் எண் கிடையாது. கோடையில் நிலத்து லார்வாக்கள் காய்ந்து மடிந்து, புழுக்கள் அனைத்தும் ஆடுகளின் வயிற்றுக்குள்ளேயே ஒடுங்கியிருக்கும் வேளையில், மழைக்கு முன் எல்லா ஆட்டுக்கும் மருந்து என்னும் வழக்கம், புகலிடத்தைத் துடைத்தெடுப்பதில் எவ்வளவு தூரம் செல்கிறது என்பதும் வடகிழக்குப் பருவமழைப் பிரதேசத்துக்கென்று தனியே அளந்தறிய வேண்டிய ஒன்று.

இதைவிடச் சிக்கலான கேள்வி ஊர்ப் பொதுமேய்ச்சலைப் பற்றியது. ஏரிக்கரையில் பத்து வீட்டு ஆடுகள் ஒன்றாக மேய்கின்றன. இரண்டு வீட்டார் தவறாமல் மருந்து கொடுக்கிறார்கள், மூன்று வீட்டார் அரை அளவு புகட்டுகிறார்கள், மற்றவர்கள் கொடுப்பதே இல்லை. மருந்து கொடாத ஆடுகளின் புழுக்கை, மருந்துக்கு அடங்கும் புழுக்களின் வித்தை நிலத்தில் தூவிக்கொண்டே இருப்பதால், அந்த அலட்சியம் ஊருக்கே ஒரு புகலிடமாக இயங்குகிறதா, அல்லது அரை அளவு பெற்ற ஆடுகளின் வயிற்றில் தேறிய புழுக்கள் அந்த நன்மையை விழுங்கிவிடுகின்றனவா என்பதைத் தீர்மானிக்க, ஆட்டை மட்டுமன்றி அந்த ஏரிக்கரையையே ஒரு மந்தையாகக் கொண்டு, பல பருவங்கள் தொடர்ந்து முட்டை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்.